அயச்சோ?

எங்கள் குழுவில் ஒன்பது பேர். எட்டு ஆண்கள், ஒரு பெண். பழைய ரெக்கார்டு பிளேயர், வால்வு ரேடியோ, ஸ்பூல் டேப்ரெக்கார்டர், பீரோ அளவு ஸ்பீக்கர் என்று எதையாவது எங்காவது மோப்பம் பிடித்து, வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டிலும் வாங்கிக் கட்டிக்கொள்வது எங்கள் பொழுதுபோக்கு. பாட்டுக் கேட்பதும் உண்டு. அதற்கு நேரம் கிடைப்பதுதான் குறைவு. சாமான் சுமக்கவே சரியாக இருக்கிறது.

இந்தச் சாமான்களை யாரும் பார்சலில் அனுப்புவதில்லை. ஆள் மாற்றி ஆள் கையில் கொண்டு வருவோம். நாகர்கோவிலில் கல்யாணத்துக்குப் போனவர் ஒரு ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை வரை வருவார். அங்கே இன்னொருவர் வாங்கி, பல் டாக்டரைப் பார்க்கத் திருவனந்தபுரம் வரும்போது தம்பானூரில் இறக்குவார். தம்பானூரில் நான் நிற்பேன். அதுவரை சாமான் நன்றாகத்தான் இருக்கும்.

என் பெருமைகளை நானே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஸ்பூல் டேப்ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் மூடி திறந்து நாடா அவிழ்ந்தது எனக்குத் தெரியாது. எங்கள் அக்ரஹாரமான வலியசாலைக்குள் திரும்பும்போது என் பின்னால் தெரு நீளத்துக்கு ஒரு பழுப்புத் தோரணம் ஆடிக்கொண்டு வந்ததாம். கோயில் வாசலில் நின்ற ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரை டிக்கியில் ஸ்டெப்னி மேல் கவிழ்த்து வைத்தேன். நான்கு வால்வில் மூன்று போயின. “ஒண்ணு பொழச்சிருக்கே” என்று ஆறுதல் சொன்னேன். அதன் சொந்தக்காரர் அன்றிலிருந்து குழுவில் என் செய்தி எதற்கும் கட்டைவிரலைக்கூடக் காட்டுவதில்லை.

இருந்தும் என்னை ஏன் கூப்பிடுகிறார்கள் என்றால், என் காரில் பின்சீட் பாதி மடங்கும். குழுவில் என் தகுதி அந்தப் பாதி சீட்தான்.

குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற பிசிக்ஸ் வாத்தியார். மலையாளி. இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சார். நானும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மட்டும், நான் அக்ரஹாரத்துத் தமிழன் என்பதால், என்னை ‘சாமி’ என்பார். கோபம் வந்தாலும் சாமிதான், இழுப்புதான் கூடும். அவருடைய வாய்ஸ் மெசேஜ் ஒரு பீரியட் ஓடும். வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாலும் மணி அடிக்காது.

அந்த ஒரு பெண், பொன்முடிப் பக்கம் தேயிலை எஸ்டேட் ஒன்றின் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். அங்கேயே தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். நாற்பதை ஒட்டிய வயது. எஸ்டேட் கிளப்பைக் காலி செய்தபோது யாரோ கோழி அடைக்க ஆகும் என்று தூக்கிப்போன ரெக்கார்டு பிளேயரை, கோழிகளை வெளியேற்றி மீட்டு எடுத்தவர். நான்கு வருஷம் அதைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி உயிர் கொண்டுவந்தார். ரப்பர் வளையம் ஒருவர் கொடுத்தார், மோட்டார் ஒருவர் கொடுத்தார். கடைசியில் ஊசிதான் கிடைக்கவில்லை. அந்த மாதிரி ஊசி இப்போது யாரும் செய்வதில்லை. தென்காசிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய பிளேயரிலிருந்து ஒன்று அகப்பட்டது. டிபன் கேரியரின் மேல் அடுக்கில் பஞ்சுக்குள் ஊசி, கீழ் அடுக்கில் தயிர்சாதம் என்று நான்கு கை மாறி மலை ஏறியது. அந்த நான்கு கையில் என் கை இல்லை. வேண்டுமென்றே விட்டிருப்பார்கள்.

அந்த ஊசிக்கு மாற்று கிடையாது. அது உடைந்தால் பெட்டி மறுபடியும் கோழிக்கூடுதான்.

இப்படி இருக்கையில் எஸ்டேட்டில் டிஸ்பென்சரியை மூடிவிட்டார்கள். அவருக்கு மலையடிவாரத்தில் வித்துராவில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. வாடகைக்கு வீடும் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கட்டில் பாத்திரமெல்லாம் போய்விடும். பிளேயரை யாராவது பத்திரமாக இறக்கித் தர முடியுமா என்று குழுவில் கேட்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் எட்டு பேரும் ‘நான் வருகிறேன்’ என்று போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு மச்சினன். ஒருவர் ‘ஆன் த வே’ என்று போட்டார். இன்றுவரை வந்து சேரவில்லை. மிஞ்சியது நானும் வாத்தியாரும். வாத்தியாருக்கு வளைவில் வாந்தி வரும். அதனால் அவர் வித்துராவில் புது வீட்டின் சாவியோடு நிற்பார், மேலே போவது நான்.

முந்தின நாளே வாத்தியார் எனக்குப் பாடம் எடுத்திருந்தார். பிளேயரின் தட்டும் மோட்டாரும் ஊசிக்கையும் ஒரே தகட்டில் இருக்கும். அந்தத் தகடு நான்கு ஸ்பிரிங் மேல் மிதக்கும். பாடும்போது அப்படி மிதந்தால்தான் நல்லது. தூக்கிப் போகும்போது மிதந்தால் ஊசிக்கை துள்ளி உடையும். அதற்காக இரண்டு ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள். முறுக்கினால் தகடு அசையாது, பயணம் போகலாம். போய்ச் சேர்ந்ததும் தளர்த்திவிட்டுப் பாடவைக்கலாம். குழந்தைக்குச் சொன்னால்கூடப் புரியும். வாத்தியார் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வால் சேர்த்தார். “சில மாடலில் மறிச்சாணு, சாமீ. புஸ்தகம் நோக்கி ஞான் நாளெ பறயாம்.” சில மாடலில் நேர்மாறு, புத்தகத்தைப் பார்த்து நாளை சொல்கிறேன் என்று அர்த்தம். எல்லா வினையும் அந்த வாலில் இருந்தது.

கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்றாள்.

“ஏன்னா, திரும்பி வர்றச்சே கார் காலியா வரணும், கேட்டேளா.”

“காலியாத்தான் வரும்.”

“போன தடவையும் இதையேதான் சொன்னேள். அப்பறம் நாலு பேர் தூக்கிண்டு உள்ள வந்தா. அந்தப் பெட்டி மேலதான் இப்ப நான் துணி மடிச்சு வைக்கறேன்.”

“அது ஸ்பீக்கர்.”

“துணிக்கு அது தெரியாது.”

எஸ்டேட்டில் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஸ்பீக்கர் இரண்டும் போர்வை சுற்றி, மருந்துப் பார்சல் மாதிரி குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு நின்றன. காய்கறி கொண்டுவந்த வண்டி ஒன்று காலியாகக் கீழே இறங்க இருந்தது. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் அதில் போய்விடும், கீழே வாத்தியார் இறக்கிக்கொள்வார். பிளேயர் மட்டும் என் காரில். அதன் இரண்டு ஸ்க்ரூவையும் அவரே முறுக்கி மூடி வைத்திருந்தார். நான் செய்ய வேண்டியது காரை ஓட்டுவது மட்டும். அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் வாத்தியார் சொல்வதாகச் சொன்னாரே. அங்கே சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் மட்டும். நான் அங்கே போய் ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து, ஆசீர்வாதம் செய்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, சிரித்துக்கொண்டே போனார்கள். கொஞ்ச நேரத்தில் வாத்தியாரின் செய்தி வந்து விழுந்தது. ஒரே சொல்.

‘அயச்சோ?’

மலையாளத்தில் அயக்குவது என்றால் அனுப்புவது. அயக்குவது என்றால் தளர்த்துவதும்தான். கடிதத்தையும் அயக்கலாம், கட்டின கயிற்றையும் அயக்கலாம். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டை முழுக்க ஸ்க்ரூ. புத்தகத்தைப் பார்த்துவிட்டார், இது மறிச்சு மாடல்தான், தளர்த்தினாயா என்று கேட்கிறார். ‘இல்லை’ என்று போட்டேன்.

உடனே பதில். ‘எந்தா தாமசம்? வேகம் அயக்கு.’

என்ன தாமதம், சீக்கிரம் தளர்த்து. எனக்கு இதைவிடத் தெளிவாக வாழ்க்கையில் யாரும் எதையும் சொன்னதில்லை.

ஓடி வந்தேன். காய்கறி வண்டி அதற்குள் போயிருந்தது. அந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“இல்ல சார்,” என்றார் அவர். “இது நான் எத்தன தடவ கழட்டி மாட்டுனது. முறுக்கித்தான் கொண்டு போவணும், கேட்டோ.”

“நீங்க சொல்றது பொதுவா. இது மறிச்சு மாடல். புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“வாத்தியார் சார் பாத்தாரா?”

ஃபோனைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். அவருக்கும் வாத்தியார் என்றால் வாத்தியார்தான். முகம் சம்மதிக்கவில்லை, வாய் மட்டும் “நீங்க பெரியவங்க, பாத்துச் செய்யுங்க சார்” என்றது. நானும் பெரியவனாக இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தினேன். தளர்த்தும்போது ஏதோ ராகம்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன். தகடு ஸ்பிரிங் மேல் மெல்ல எழும்பி ஆடியது. “பாத்தேளா, எவ்வளவு சுகமா இருக்கு அதுக்கு” என்றேன்.

மடித்த சீட்டில் பெட்டியை வைத்தோம். பக்கத்தில் அவர் உட்கார்ந்து, மூடியை லேசாகத் திறந்து, இரண்டு உள்ளங்கையையும் உள்ளே விட்டுத் தகட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பொன்முடிச் சாலையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. இறங்கும்போது எண் குறைந்துகொண்டே வரும்.

“சார், கொஞ்சம் பைய.”

“பையத்தான் போறேன்.”

“பள்ளம் வருது சார்.”

“தெரியறது.”

“தெரிஞ்சா விட்டுப் போலாம்ல்லா.”

பத்தாம் பலகையில் எதிரே ஒரு பைக் கூட்டம் வளைவை முழுசாக எடுத்துக்கொண்டு ஏறி வந்தது. பிரேக்கில் காலை வைத்தேன். பின்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. பேனா மூடி போடுகிற சத்தம்.

“நிறுத்துங்க,” என்றார் அவர். அதில் சார் இல்லை.

ஓரம் கட்டினேன். மூடியைத் திறந்தார். ஊசிக்கை அதன் தாங்கியிலிருந்து துள்ளி, தட்டின் மேல் குறுக்கே விழுந்து கிடந்தது. அவர் குனிந்து ஊசியைப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. நேராக இருக்கிறதா, நுனி போய்விட்டதா என்று அந்த மலையில் நின்றுகொண்டு யார் சொல்ல முடியும். அவர் கைப்பையிலிருந்து காயம் கட்டும் காஸ் துணியை எடுத்தார். ஊசிக்கையைத் தூக்கித் தாங்கியில் வைத்து, ஒரு குழந்தையின் கைக்குக் கட்டுகிற மாதிரி சுற்றி, மேலே பிளாஸ்திரி ஒட்டினார்.

“ஒரு ரூபா காசு இருக்கா?”

“எதுக்கு?”

“ஸ்க்ரூ முறுக்க.”

“இல்லை, வாத்தியார் மறிச்சுன்னு…”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டிஸ்பென்சரியில் மருந்தைக் குடிக்காமல் பெஞ்சுக்கு அடியில் ஊற்றிவிட்டு வந்தவர்களை அப்படித்தான் பார்த்திருப்பார். “முறுக்குனா ஆடாது. ஆடாட்டி உடையாது. இதுக்குப் புஸ்தகம் எதுக்கு?”

காசைக் கொடுத்தேன். அதற்குள் பின்னால் ஒரு பஸ் வந்து வழி கிடைக்காமல் ஹார்ன் அடித்தது. கண்டக்டர் தலையை நீட்டிக் காருக்குள் பார்த்தார். காஸ் துணியும் பிளாஸ்திரியும் அவர் கண்ணில் பட்டன.

“எந்தா, ஆசுபத்திரிக் கேசாணோ?”

“ஆமா,” என்றார் அந்த அம்மாள், ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்காமல். “கைதான். ஒடிஞ்சிருக்கான்னு தெரியல.”

பஸ் பொறுமையாகக் காத்திருந்தது.

மீதி வளைவு முழுக்க அவர் பெட்டி மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் இரண்டு தடவை மழை வரும்போலிருக்கிறது என்றேன். வந்தது.

வித்துராவில் வாத்தியார் குடையோடு வாசலில் நின்றிருந்தார். காய்கறி வண்டி எப்போதோ வந்து ஸ்பீக்கர்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. நான் இறங்கிய வேகத்தில், பழி என் மேல் விழுவதற்கு முன் அதை அவர் மேல் இறக்கிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

“சார், உங்க மறிச்சு மாடல் ஐடியா சரியா வரலை. நீங்க சொன்னபடி அயச்சுதான் கொண்டு வந்தேன், பத்தாம் வளைவுல கை துள்ளிடுத்து.”

“எந்து அயச்சு?”

“ஸ்க்ரூ.”

வாத்தியார் குடையை மடக்கினார். மழை பெய்துகொண்டிருந்தது.

“சாமீ. ஞான் சோதிச்சது வண்டி அயச்சோ என்னாணு. ஸ்பீக்கர் வண்டி. ஸ்க்ரூவின்டெ காரியம் ஆரு பறஞ்ஞு?” ஸ்பீக்கர் வண்டியை அனுப்பியாயிற்றா என்றுதான் அவர் கேட்டாராம், ஸ்க்ரூவைப் பற்றி யார் சொன்னது என்கிறார்.

“புஸ்தகம் பாத்துச் சொல்றேன்னேளே.”

“புஸ்தகம் நோக்கி. மறிச்சல்ல. அதுகொண்டு பறஞ்ஞில்ல.” புத்தகத்தைப் பார்த்தாராம், நேர்மாறு இல்லையாம், அதனால் சொல்லவில்லையாம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பிசிக்ஸ் நடத்தியவர். இவரிடம் படித்தவர்கள் கட்டின பாலத்தில் நான் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

“‘ஸ்பீக்கர்’னு ஒரு வார்த்தை சேத்துப் போட்டா என்ன சார் கொறைஞ்சு போயிடும்?”

“‘இல்லை’ன்னு சாமி போட்டப்போ, எது இல்லைன்னு ஒரு வார்த்தை சேத்தூடே?” கோபத்தில் அவருக்குப் பாதி தமிழ் வந்துவிட்டது.

நாங்கள் இருவரும் நனைந்துகொண்டே வாதாடுவதை அந்த அம்மாள் கேட்டுக்கொண்டு நின்றார். முழுவதும் கேட்டார். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே போனால் கரண்ட் இல்லை. வழியில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறதாம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாத்தியார் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஃபோன் வெளிச்சத்தில் பிளாஸ்திரியைப் பிரித்து ஊசியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு ஊசிக்குப் பதிலாக வாத்தியாரின் மூக்குதான் பெரிதாகத் தெரிந்தது.

“நோக்கிட்டு அறியில்ல,” என்றார் வாத்தியார். “பாடிச்சு நோக்கணும்.”

கண்ணால் பார்த்துத் தெரியாது, பாடவைத்துத்தான் பார்க்க வேண்டும். பாடவைக்கக் கரண்ட் வேண்டும். அந்த அம்மாள் ஃபிளாஸ்க்கிலிருந்து எல்லாருக்கும் பாலில்லாத கட்டஞ்சாயா ஊற்றினார். எனக்குக் கொடுத்ததில் சர்க்கரை இல்லை. மறதியாகவும் இருக்கலாம்.

கிளம்பும் முன் வாத்தியார் சட்டம் போட்டார். குழுவில் இனிமேல் ‘அயக்கு’ என்ற சொல்லை யாரும் எழுதக்கூடாது. சாமான் அனுப்பினால் ‘சென்ட்’. ஸ்க்ரூ தளர்த்தினால் ‘லூஸ்’. அப்போதே குழுவில் பதிந்தும் விட்டார். வராத ஆறு பேரும் உடனே கட்டைவிரல் காட்டினார்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர்க்காரர் இரண்டு தடவை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி கார் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். காலி. “பரவாயில்லையே,” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னத்த ஒடைச்சேள்?”

“தெரியலை.”

“அதென்ன தெரியலை?”

“கரண்ட் வந்தாத்தான் தெரியும்.”

“இதுவரைக்கும் நீங்க ஒடைச்சதெல்லாம் கரண்ட் இல்லாமலே தெரிஞ்சுதே.”

தமாஷுக்குத்தான் சொன்னாள். ஆனால் நான் சாப்பிட உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வால்வு போனபோது மறுநாளே வேறு வால்வு கிடைத்தது. நாடா அவிழ்ந்தபோது இரண்டு நாள் உட்கார்ந்து சுற்றினேன். இதற்கு அப்படி ஒன்றும் செய்ய முடியாது. நான்கு வருஷம் ஒருவர் கூட்டிச் சேர்த்ததை, ஒரு சொல்லை அரைகுறையாகப் படித்துவிட்டு, ராகம் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு.

காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் சிணுங்கியது. மனைவி எடுத்துப் பார்த்தாள். வாத்தியார் குழுவில் அந்த அம்மாளைக் கேட்டிருந்தார், புதுச் சட்டப்படி. கரண்ட் வந்துவிட்டது, பாடவைப்பதற்கு முன் ஸ்க்ரூவைத் தளர்த்தியாயிற்றா என்பது கேள்வி. எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘லூஸ் ஆயோ?’

மனைவி என்னைப் பார்த்தாள். “காலங்கார்த்தால ஊர் பூரா இதையா கேக்கறார் உங்க வாத்தியார்? அது ஆயி எத்தனை வருஷமாச்சு.”

“அது ஸ்க்ரூவைப் பத்தி.”

“நானும் ஸ்க்ரூவைப் பத்தித்தான் சொல்றேன்.”

பதில் வர வெகுநேரம் ஆயிற்று. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, அந்த அம்மாளிடமிருந்து. நான் தொடவில்லை. மனைவிதான் அமுக்கினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சரசரப்பு. ஊசி இசைத்தட்டில் இறங்குகிற சத்தம். அதன் பின்னால் ஒரு நாதஸ்வரம், தயக்கமில்லாமல், திக்காமல், அறை முழுக்க எழும்பியது. மனைவி கரண்டியோடு நின்று கேட்டாள். முடிகிற இடத்தில் நாதஸ்வரத்தைத் தாண்டிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“அயச்சு, சார்.”

அவ்வளவுதான். மறு நிமிஷமே வாத்தியார் கேட்டிருந்தார்: ‘எது?’

அதற்கு அந்த அம்மாள் பதில் போடவில்லை. அந்த ‘சார்’ யாருக்கு என்றும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் எல்லாரும் சார்தான். நான் அதை எனக்கென்று எடுத்துக்கொண்டு, ஆறின காப்பியைக் குடித்து முடித்தேன்.